அலைக்குக் குறுக்கே ஒரு மாடி

கம்பியே இல்லாத வேலை பார்த்தவளை எல்லோரும் கம்பிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு தொலைபேசிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது அவள் பொறுப்பில் இருந்தவை இரண்டு தட்டு ஆன்டெனாக்கள். ஒன்று குன்றின் மேல், மற்றது பள்ளத்தாக்கின் மறுகோடியில், சுகாதார நிலையத்தின் கூரையில். நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் வெறும் காற்று. செல்போன் கோபுரம் எட்டாத அந்தப் பக்கத்துக்கு வெளியுலகம் அந்தக் காற்றின் வழியாகத்தான் வந்தது. நர்ஸ் இங்கே எடுக்கும் இசிஜி, மறு நிமிடமே பெரிய ஆஸ்பத்திரி டாக்டரின் திரையில் தெரியும். அந்த ஆஸ்பத்திரிக்குச் சாலையில் போனால் மூன்று மணி நேரம்.

இந்தச் சோதனைத் திட்டத்துக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், கைகுலுக்கினார்கள். அடுத்த மாதமே, செவ்வாய்க்கிழமைதோறும் ஜீப்பில் வந்துகொண்டிருந்த டாக்டரைச் சுகாதாரத் துறை அலுவலகம் நிறுத்திவிட்டது. திரையில் வருகிறவர் ஜீப்பில் எதற்கு?

இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய இணைப்பு பிறகு இருமத் தொடங்கியது. படம் பாதியில் உறையும், டாக்டரின் வாய் அசையும், சத்தம் வராது. கம்பிக்காரி ஆன்டெனாவைத் துடைத்தாள், திருகாணிகளை இறுக்கினாள், அலையை அனுப்பி வாங்கும் பெட்டியை மாற்றினாள். கடைசியில் ஒருநாள் கூரையில் நின்று குன்றைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி, குன்றுக்கு நேராக, ஒரு வீட்டின் மூன்றாவது மாடிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அது அவளுடைய சொந்த அண்ணன் வீடு.

அன்று மாலையே போனாள்.

"அண்ணா, உங்க புது மாடி அலை போற வழியில வருது."

"காத்துல போறதுக்கு என் வீடு எப்படிம்மா குறுக்க நிக்கும்? சுத்திக்கிட்டுப் போகாதா?"

"இது சுத்திப் போகாதுண்ணா. இந்த ஆன்டெனாவுக்கு அந்த ஆன்டெனா தெரியணும். மறைஞ்சா போச்சு."

"அப்போ உன் கம்பத்தை உசத்து. ஊருக்கே படம் காட்டுறவ, இது பெரிய வேலையா உனக்கு?"

அண்ணி சிரித்தபடி உள்ளே பார்த்தாள். கூடத்தில் அண்ணனின் மகள் இரண்டு குழந்தைகளையும் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். புருஷனை விட்டு வந்து நாலு மாதம் ஆகிறது. மாடி அவளுக்காகத்தான். கம்பிக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

உயரமான கம்பம் வேண்டுமென்று அலுவலகத்துக்கு எழுதினாள். சோதனைத் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது, வேறு பிரிவைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. வேறு பிரிவு பதிலே போடவில்லை. மாத அறிக்கையில் 'இணைப்பின் நிலை' என்ற கட்டத்தில் அவள் 'வேலை செய்கிறது' என்றே எழுதினாள். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பாதி நாள் வேலை செய்தது. உண்மையை எழுதினால் காரணம் கேட்பார்கள், காரணம் சொன்னால் மாடி வேலையை நிறுத்த அண்ணன் வீட்டுக்கு ஆள் வரும். இப்படியே மூன்று மாதம் போயிற்று. நர்ஸிடம்கூட அவள் சொல்லவில்லை.

நான்காவது மாதம் இணைப்பைச் சோதிக்க அவள் சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தபோது, முற்பகல் பதினோரு மணிக்கு, பேருந்து ஓட்டுநர் தானே நடந்து உள்ளே வந்தார். பேருந்தை ஆட்களோடு வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"தாடை வலிக்குதும்மா. பல்லுன்னு நெனச்சேன். இப்போ கையும் கனக்குது."

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நர்ஸ் அவரைப் படுக்கவைத்து இசிஜி எடுத்தாள். அவள் முகம் மாறியது. மாரடைப்பில் அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து குளிர்பெட்டியில் தயாராக இருந்தது. ஆனால் படத்தைப் பார்த்து டாக்டர் சொல்லாமல் அதைப் போடக்கூடாது. ஆள் மாறிப் போட்டால் அதுவே உயிரை வாங்கிவிடும்.

படம் பாதி போய் நின்றது. மறுபடி அனுப்பினாள். அதுவும் நின்றது. பிறகு திரையே கறுத்துப்போனது.

"அக்கா, என்ன ஆச்சு இதுக்கு?"

கம்பிக்காரி கூரைக்கு ஓடினாள். அண்ணன் வீட்டு மாடியில் அன்று காலை மாடிப்படி அறையின் சுவரையும் எழுப்பியிருந்தார்கள். குன்றின் உச்சி கண்ணுக்கே தெரியவில்லை.

வண்டியில் ஆன்டெனாவோடு இருந்த உதிரிப் பெட்டிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் பறந்தாள். ஒன்றைக் குன்றுக்கு நேராகவும் மற்றதைச் சுகாதார நிலையத்துக்கு நேராகவும் அந்த வீட்டு உச்சியிலேயே கட்டிவிட்டால் அலை அங்கே இறங்கி ஏறிப் போகும்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம மேல ஏறுற?" என்றாள் அண்ணி.

"அண்ணி, வீட்டு பேட்டரியைக் கழட்டிக் குடுங்க. பஸ் டிரைவருக்கு நெஞ்சு அடைச்சிருக்கு."

தாயும் மகளுமாகப் பேட்டரியைப் பிடித்துப் படியேறினார்கள். மேஸ்திரி சாரத்திலிருந்து ஒரு குழாயை உருவிக் கொடுத்தார். ஈரச் சுவரில் சாய்த்தால் நிற்கவில்லை. அண்ணன் வந்தார். குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் ஆன்டெனாவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். இரண்டு முறை தவறிப்போனது. பச்சை விளக்கு எரிந்தபோது ஐம்பது நிமிடம் கடந்திருந்தது.

டாக்டர் படத்தைப் பார்த்தார். மருந்தைப் போடச் சொன்னார். ஆம்புலன்ஸ் கிளம்பும்போது ஓட்டுநருக்கு உயிர் இருந்தது.

உயிர் தங்கிவிட்டது. ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் செத்துவிட்டது, இனி பேருந்து ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நர்ஸ் கேட்டதற்கு டாக்டர், "ஒரு மணி நேரம் முன்னாடி போட்டிருந்தா இவ்வளவு போயிருக்காது" என்றாராம்.

அந்த மாத அறிக்கையில் கம்பிக்காரி எல்லாவற்றையும் எழுதினாள். மூன்று மாதமாகத் தெரியும் என்பதை, வீடு யாருடையது என்பதை, செவ்வாய்க்கிழமை டாக்டர் திரும்ப வரவேண்டும் என்பதை. அலுவலகம் அவளுக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியது. டாக்டரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அண்ணன் பெட்டிகளைத் தன் மாடியிலேயே வைத்துக்கொள்ள விட்டார். ஆனால் தன் வீட்டைக் காகிதத்தில் ஏற்றிய தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அவள் ஓட்டுநரைப் பார்க்கப் போனாள். கட்டிலிலிருந்து எழுந்து அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் இல்லம்மா."

"கும்பிடாதீங்க அண்ணே" என்று தொடங்கி, உட்காராமலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்போ வந்து சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஓட்டுநர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"சொல்லாம இருந்திருந்தா, பார்க்கும்போதெல்லாம் உன்னைக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன். எனக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும்." மூச்சு வாங்கியது. "அந்தப் பெட்டி இப்போ ஒழுங்கா வேலை செய்யுதா?"

"செய்யுது."

"மழையிலயும்?"

"தெரியலண்ணே. மழை இன்னும் வரல."