ஒரு முழுப் பாதாம்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையின் பெரிய பங்களாவில், 1954ஆம் ஆண்டு நத்தார் எனும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மூன்று நாட்டுச் சாப்பாடு மேசைக்கு வந்தது. மூன்றாவதால்தான் வினை வந்தது.

முதலாவது, துரையின் ஸ்கொட்லாந்துப் புடிங். சமையல்காரர் செல்லசாமி அதை இரண்டு மாதத்துக்கு முன்பே அவித்து, துணியில் கட்டி, களஞ்சிய அறையில் தொங்கவிட்டிருந்தார். இரண்டாவது, தேயிலை ஸ்டோர் என்ற தொழிற்சாலையின் எஞ்சினியர் யான்ஸின் மனைவி கொண்டுவந்த புரூடர். அவர்கள் பறங்கியர். ஒல்லாந்தர் காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் நத்தார் என்றால் அந்த வட்டமான இனிப்பு ரொட்டியும், சிவப்பு மெழுகு பூசிய பாலாடைக்கட்டி உருண்டையும்தான். மூன்றாவது, நீல்சன் துரைசாணியின் பாற்சோறு. ஸ்டோரில் புது எஞ்சின் பூட்டுவதற்கு டென்மார்க்கிலிருந்து வந்திருந்த நீல்சனும் அவர் மனைவியும் ஒரு மாதமாகப் பங்களா விருந்தறையில் தங்கியிருந்தார்கள்.

பங்களா ஆயா ராசம்மாவுக்கு அந்தப் பாற்சோறு பிடித்துத்தான் இருந்தது. அன்று காலை பாதாம் பருப்பை வெந்நீரில் ஊறப்போட்டுத் தோல் உரித்துக் கொடுத்ததே அவள்தான். நீல்சன் துரைசாணி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிச் சோற்றில் கலந்தாள். ஒன்றை மட்டும் முழுசாக எடுத்து ராசம்மாவிடம் காட்டி, உதட்டில் விரல் வைத்துச் சிரித்து, சோற்றுக்குள் புதைத்தாள். அந்தப் பருப்பு யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு. ஆனால் உடனே சொல்லக்கூடாது; கன்னத்துக்குள் ஒளித்துக்கொண்டு கடைசிக் கரண்டி வரை எல்லோரையும் தேடவைக்க வேண்டும். அதுதான் அவர்கள் நாட்டு வழக்கமாம்.

செல்லசாமி தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம பக்கம் சோத்துல கல்லு கெடந்தா சமைச்சவனுக்கு ஒத விழும். இவுங்க ஊருல பரிசு குடுக்குறாங்க பாரு!"

மத்தியானம் ஒரு மணிக்கு விருந்து தொடங்கியது. ராசம்மா சாப்பாட்டு அறைக் கதவோரம் நின்றாள். அவள் கண் முழுக்கத் துரையின் மகள் ஜீனி மேலேயே இருந்தது. ஐந்து வயதுக் குழந்தை. ஒரு வயதிலிருந்து ராசம்மாவின் இடுப்பில் வளர்ந்தவள். இங்கிலீசை விடத் தமிழ்தான் அவளுக்கு வாயில் முன்னால் வரும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, புடிங்கின் மேல் பிராந்தியை ஊற்றித் துரை தீ வைத்தார். நீலச் சுவாலை எழுந்ததும் ஜீனி கைதட்டினாள்.

பிறகு பாற்சோறு வந்தது. யான்ஸ் வேண்டுமென்றே கன்னத்தை உப்பிக் காட்டினார். நீல்சன் வாயைத் திறக்காமல் முழித்தார். மேசையே சிரித்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஜீனி மெல்லுவதை நிறுத்தினாள். கண் பளபளத்தது. ராசம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கிடைத்துவிட்டது! ராசம்மாவும் ஒன்றும் தெரியாதவள் போல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து யான்ஸ் இன்னொரு கோணங்கித்தனம் காட்டினார். ஜீனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே அது இருமலாக மாறியது. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, மூச்சு இழுத்து இழுத்து இருமினாள். அவள் அம்மா, பங்களாத் துரைசாணி, முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். ஒரு நிமிடத்தில் இருமல் நின்றது. சோறு புரையேறிவிட்டது என்று சொல்லி எல்லோரும் கரண்டியை எடுத்தார்கள்.

பாத்திரம் காலியானது. யாரும் பருப்பைக் காட்டவில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள் போடவே மறந்திருப்பீர்கள் என்று நீல்சன் துரைசாணியைக் கேலி செய்துவிட்டு, காப்பி குடிக்க விறாந்தைக்குப் போனார்கள். ஜீனி தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

ராசம்மாவுக்கு அந்த இருமல் நினைவை விட்டுப் போகவில்லை. செல்லசாமியையும் இழுத்துக்கொண்டு பாத்திரத்தை வழித்துப் பார்த்தாள், எச்சில் தட்டுகளைத் துழாவினாள், மேசை விரிப்பை உதறினாள், நாற்காலிக்கடியில் தடவினாள். பருப்பு இல்லை. ஜீனியைப் படுக்கையறைக்கு அழைத்துப்போய் மடியில் இருத்திக்கொண்டாள்.

"பாப்பா, பருப்பு ஒங்கிட்டதான இருந்துச்சு?"

ஜீனி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆயா யாருகிட்டயும் சொல்லமாட்டேன். வாயத் தொற பாப்போம்."

வாய்க்குள் ஒன்றும் இல்லை.

"முழுங்கிட்டியா?"

"தெரியாது ஆயா. சிரிச்சேன்... போயிருச்சு. பரிசு குடுக்கமாட்டாங்க, சொல்லாத."

"எங்க போச்சு? வயித்துக்கா?"

குழந்தை வயிற்றைத் தொடவில்லை. நெஞ்சின் வலது பக்கத்தைத் தொட்டது.

ராகலையில் கட்டிக்கொடுத்த ராசம்மாவின் அக்காவுக்கு ஒரு மகன் இருந்தான். கச்சான் கடலை தின்றுகொண்டே ஓடி விழுந்தவன் ஒரு பாட்டம் இருமிவிட்டு எழுந்து விளையாடினான். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. சளி என்று மருந்து கொடுத்தார்கள். நெஞ்சில் விசில் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் அந்தச் சத்தமும் இல்லை. ராசம்மா ஜீனியின் சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைத்தாள். இடது பக்கம் மூச்சு வந்து போனது. வலது பக்கம் அதே விசில், மெல்லிசாக. அப்புறம் ஒன்றுமே இல்லை.

விறாந்தைக்கு ஓடினாள். விருந்தாளிகள் முன்னால் கூப்பிடாமல் போய் நிற்பது பங்களாவில் நடக்காத காரியம்.

"தொரசாணி, அந்தப் பருப்பு பாப்பா நெஞ்சுக்குள்ள போயிருச்சுங்க. மூச்சு சரியா வரலைங்க."

துரைசாணி திடுக்கிட்டு எழுந்தாள். ஆனால் ஜீனி கதவோரம் வந்து சும்மா நின்றுகொண்டிருந்தாள். இருமவில்லை, அழவில்லை. துரை மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார்.

"முழுங்கிட்டா. நாளைக்கு வெளியே வரும். நீ போ."

நீல்சன் துரைசாணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ராசம்மாவின் முகத்தைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது. என்ன, என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஆயாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று பதில் கிடைத்தது.

ராசம்மா ஜீனியைச் செல்லசாமியிடம் விட்டாள். "படுக்க வைக்காதீங்க. ஒண்ணும் திங்கக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பின்வாசலால் இறங்கித் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஓடினாள். தூறலில் மண் வழுக்கியது. இரண்டு தரம் விழுந்து எழுந்தாள்.

தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துவந்தவர் யாழ்ப்பாணத்துக் குணரத்தினம். பெரிய படிப்புப் படித்த டாக்டர் இல்லை. ஆனாலும் தோட்டத்துச் சனத்துக்கு அவர்தான் டாக்டரய்யா. விடுமுறை நாள், சாரத்தோடு பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நனைந்துபோய் வந்து நின்றவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

"துரை கூப்பிடாமல் நான் எப்பிடிப் பங்களாவுக்குப் போறது, பிள்ளை? ஏன் வந்தனீர் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?"

"நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

"நீர் கூப்பிட்டு நான் போனால் ரெண்டு பேருக்கும் வேலை போகும்."

"வலது பக்கம் மூச்சே கேக்கலைங்க டாக்டரய்யா. காத வச்சுப் பாத்துட்டுத்தான் ஓடியாந்தேன்."

அவர் கையில் இருந்த பத்திரிகை கீழே இறங்கியது. "காதை வைச்சுப் பாத்தனீரோ? ஒரு பக்கம் மட்டுமோ?"

"ஒரு பக்கம் மட்டும்தாங்க."

குணரத்தினம் எழுந்தார். உள்ளே போய்க் காற்சட்டை மாட்டி, நெஞ்சு பார்க்கும் குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவளுக்கு முன்னால் நடந்தார்.

படியேறி வந்தவர்களைத் துரை விறாந்தையிலேயே மறித்தார். "யார் கூப்பிட்டது?"

குணரத்தினம் ராசம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாங்க தொரை கூட்டியாந்தேன்" என்றாள் ராசம்மா.

"உன்னை யார் போகச் சொன்னது? நாளைக்கு நீ லயத்துக்குப் போ. இங்கே வேலை இல்லை."

தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளுக்கே திரும்ப வேண்டியதுதான். நான்கு வருஷ வேலை, ஒரு வாயசைப்பில் போய்விட்டது. ஆனாலும் அவள் விலகவில்லை.

"போறேங்க. மொதல்ல பாப்பாவப் பாக்கச் சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. அப்போது நீல்சன் துரைசாணி எழுந்தாள். யாரையும் கேட்காமல் குணரத்தினத்தின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மற்றவர்களும் பின்னாலேயே வரவேண்டியதாயிற்று.

குணரத்தினம் ஜீனியின் நெஞ்சில் குழாயை வைத்தார். இடது, வலது, மறுபடி இடது. விரலால் தட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, துரையைப் பார்த்து இங்கிலீசில் சொன்னார். வலது சுவாசப்பைக்குள் காற்றுப் போகவில்லை. பருப்பு ஈரத்தில் ஊறும், ஊறினால் பருக்கும். நாளைக்கு என்ற பேச்சுக்கு இடமில்லை.

துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நொடியில் ஜீனிக்கு மறுபடி இருமல் வந்தது. இந்தத் தரம் சத்தமே இல்லாத இருமல். உதடு நீலம் பாரித்தது, கை காற்றைப் பிடித்தது. துரைசாணி அலறிக்கொண்டு முதுகில் தட்டப் போனாள். குணரத்தினம் அவள் கையைத் தடுத்தார். தட்டினால் பருப்பு மேலே வந்து மூச்சுக்குழாயையே அடைத்துவிடும்.

"நிமித்திப் பிடியும், பிள்ளை! அழவிடாதேயும்!"

ராசம்மா குழந்தையைத் தன் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தாள். "ஆயாவப் பாரு. ஆயா மூச்சு விடுறப்ப நீயும் விடு. மெதுவா... மெதுவா..." எத்தனை தரம் சொன்னாளோ, ஒரு இழுப்பில் காற்று உள்ளே போனது. உதட்டில் சிவப்பு திரும்பியது.

துரை கார்ச் சாவியை எடுத்தார். அது அவர் விரலில் நிற்காமல் தரையில் விழுந்தது. நீல்சன் அதைப் பொறுக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

நீல்சன் ஓட்டினார், துரை பக்கத்தில். பின்னால் ராசம்மா ஜீனியோடு நடுவில், ஒரு பக்கம் துரைசாணி, மறுபக்கம் குணரத்தினம். மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. நானுஓயாவுக்குக் கிட்ட ஒரு வளைவில் மண் சரிந்து பாதிப் பாதையை மூடியிருந்தது. துரை இறங்கிப் பள்ளத்தின் விளிம்பில் நின்று கையசைக்க, கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஜீனி உதட்டைப் பிதுக்கினாள். அழுகை வந்தால் எல்லாம் போச்சு.

"ஆயா விடுறேன் பாரு... இப்ப நீ."

நுவரெலியா போய்ச் சேரும்வரை ராசம்மா அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் தொண்டை வறண்டு குரல் கட்டிவிட்டது. பாதி வழியில் துரைசாணியும் அவளோடு சேர்ந்து அதே தாளத்தில் மூச்சு விடத் தொடங்கினாள்.

அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். குணரத்தினம் சொன்னது சரி. ஆனால் குழாய் விட்டு எடுக்கும் கருவி கொழும்பில்தான் இருந்தது. ஜீனி ராசம்மாவின் முந்தானையை விடவில்லை. ஆம்புலன்சில் ஏறும்போது துரைசாணி திரும்பி, "ராசம்மா, நீயும் வா" என்றாள். ஈரச் சேலையோடு ஏறிய ராசம்மா விடியும் வரை குழந்தையைக் கீழே இறக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கொழும்பு ஆஸ்பத்திரியில் ஜீனியைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுபோனார்கள். துரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மணித்தியாலம் கழித்து வெளியே வந்த டாக்டர், பருப்பு முழுசாக வந்துவிட்டது, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். துரைசாணி வாங்குப் பலகையில் உட்கார்ந்து முகத்தை மூடி அழுதாள். ராசம்மாவுக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது, அதே வாங்கின் மறு முனையில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

ஜீனி பங்களாவுக்குத் திரும்பி வர எட்டு நாளானது. வந்த அன்றே துரை குணரத்தினத்தின் வீட்டுக்கு நடந்து போனாராம். துரை வாசலில் நிற்பதைக் கண்டு அவர் பதறிப்போனாராம். செல்லசாமி வந்து சொன்னார். ஆனால் ராசம்மாவிடம் துரை ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் பார்த்தாள். தன் நிலைமை என்னவென்று தெரியாமல் மூட்டையைக் கட்டவும் முடியவில்லை, அவிழ்க்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் விறாந்தையில் போய் நின்று கேட்டேவிட்டாள்.

"தொரை, நான் லயத்துக்குப் போகணுங்களா?"

துரை சுருட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார். வேலை ஏவவும் அதட்டவும் கற்றுக்கொண்ட தமிழ்தான் அவருக்குத் தெரியும்: போ, வா, எடு, வை. அதற்குள் எதையோ தேடினார்.

"போகாதே" என்றார். பிறகு தலையை ஆட்டி, அதைத் திருத்திச் சொன்னார்.

"போகாதீங்க."

இப்படி ஒரு பேச்சைத் துரை வாயிலிருந்து ராசம்மா கேட்டதில்லை.  "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு, ஜீனிக்குப் பால் சூடாக்க உள்ளே போனாள்.