புள்ளி தெரியும் எழுத்து

தேனியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ஞானசிகாமணி, 2006இல் ஓர் இலவசக் கணினி இயங்குதளத்தைத் தமிழில் கொண்டுவரும் தன்னார்வக் குழுவில் இருந்தார். யாரும் மாற்றாவிட்டால் திரையில் தானாகவே தெரியவேண்டிய தமிழ் எழுத்துருவைப் பரிந்துரைக்கும் வேலை அவரிடம் வந்தது. அவர் மனைவி மகிமாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. அவளையே உட்காரவைத்து ஏழு எழுத்துருக்களைக் காட்டினார். மெல்லிய எழுத்துகளில் ‘கல்’ அவளுக்குக் ‘கல’ என்றே தெரிந்தது.

ஐந்தாவதைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“ஏங்க, இதுல புள்ளி நல்லாத் தெரியுது. இதையே வைங்க. என்னைய மாதிரிக் கண்ணு மங்குனவுக கூட வாசிப்பாக.”

அப்படியே எழுதி அனுப்பினார். தடிமனாக, அழகில்லாமல் இருக்கிறது என்றார்கள் குழுவில் பலர். அவர் வாதாடித் தோற்றார். மெல்லிய எழுத்துரு ஒன்று முடிவானது. மகிமாவிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மறுவருடம் அந்த இயங்குதளத்தின் குறுந்தகடு வந்தபோது அவளுக்கு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. கணினி ஓசை கேட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நம்ம எழுத்துத்தான் வந்திருக்கா?”

“ஆமா மகிமா. பளிச்சுன்னு இருக்கு.”

“யாருக்காச்சும் உதவட்டும்” என்று அவள் முகம் மலர்ந்தாள்.

அன்று மாலைக்குள் சென்டரின் ஆறு கணினிகளையும் அவள் தேர்ந்த எழுத்துருவுக்கு மாற்றினார். அதற்குமேல் அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.