அண்ணி போன் பண்ணியிருந்தாங்க

பேச்சு சூடு பிடிக்கிற நேரம் பார்த்துக் கீழ்த்தளத்துப் பல் டாக்டர் மிஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தம் ஓயும்வரை மூன்று பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் இருந்தவர் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கட்டடத் தகராறுகளைக் கோர்ட் வாசல் மிதிக்குமுன் பேசித் தீர்த்துவைக்கிறார். "வீட்ல இருந்தா எனக்கும் அடுப்புக்கும் பஞ்சாயத்து பண்ணுவீங்க, போயிட்டு வாங்க" என்று மனைவிதான் அனுப்பிவைத்தாள். போன இடத்தில் கைராசிக்காரர் என்று பெயரும் வாங்கிவிட்டார்.

எதிரே இருந்த வாத்தியாரும் காண்ட்ராக்டரும் அரைக்கால் சட்டைக் காலத்துச் சிநேகிதர்கள். வாத்தியாரின் மனைவி நடக்க முடியாமல் சக்கர நாற்காலிக்கு வந்தபோது, அவளுக்கென்றே படியில்லாத வீடு ஒன்றைக் கட்டித்தர காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார். வாசலில் சாய்தளம், அகலமான கதவுகள் என்று எல்லாம் அவளைக் கேட்டே வரைந்தார்கள். கூரை போட்டதோடு வேலை நின்றது. காண்ட்ராக்டர் முகம் காட்டவில்லை. அவள் வாடகை வீட்டு மாடியிலேயே கண்ணை மூடிவிட்டாள்.

"அவளைத் தூக்கிட்டுத்தான் சார் அந்தப் படியில இறக்கினோம்," என்றார் வாத்தியார்.

காண்ட்ராக்டர் கைக்குட்டையைக் கசக்கினார். "நான் வேணும்னு நிறுத்தல. வேலை நின்ன அன்னைக்கு அண்ணி எனக்கு போன் பண்ணியிருந்தாங்க..."

மனைவியின் பேச்சு வந்ததும் வாத்தியார் சட்டென்று தலைநிமிர்ந்தார். பொறியாளர் அதைப் பார்த்தார். கண்ணீர் வந்தால் கூட்டம் கெட்டுவிடும் என்பது உத்தியோகத்தில் அவருக்கு ஊறிப்போன பாடம். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க? விஷயத்துக்கு வருவோம்" என்றார்.

காண்ட்ராக்டர் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. மிச்ச வேலையை அவர் தன் செலவில் முடிக்க வேண்டும், வாத்தியார் புகாரைத் திரும்பப் பெற வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். காண்ட்ராக்டர் முதலில் எழுந்து போனார்.

வாத்தியார் நகரவில்லை. "அவன் என்னமோ சொல்ல வந்தான் சார். நீங்க விடல."

"நீங்களே கேட்டிருக்கலாமே?"

"நான் கேக்கவும் மாட்டேன், கேட்டா அவன் சொல்லவும் மாட்டான். அதுக்குத்தானே நடுவுல ஒரு ஆள் வேணும்னு வந்தேன்."

பொறியாளருக்குச் சுருக்கென்றது. முழங்கால் வலியை மறந்து கீழே ஓடினார். காண்ட்ராக்டர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா போன்ல என்னங்க சொன்னாங்க?"

காண்ட்ராக்டர் வண்டியைக் கிளப்பினார். "இத்தனை நாள் தொண்டையிலயே கிடந்துச்சு சார். இன்னைக்குத்தான் வாய் வரைக்கும் வந்துச்சு. விடுங்க, வேலைய முடிச்சுக் குடுத்துடறேன்."

வண்டி போய்விட்டது. வேறு யாராவது அந்த நடுவர் நாற்காலியில் இருந்திருக்கலாம் என்று பொறியாளருக்கு முதன்முறையாகத் தோன்றியது.

அடுத்த வாரம் அவர் அந்த வீட்டுப் பக்கம் போனார். யாரும் கூப்பிடவில்லை. கேட்டுக்குள் போகவும் தைரியம் வரவில்லை, எதிர்ப்புறம் நின்றுகொண்டார். சாய்தளத்துக்கு அப்போதுதான் பூசி முடித்திருந்தார்கள். மேல்முனையில், வாசற்படி வைக்காத வாசலில், காண்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். கீழ்முனையில் வாத்தியார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். இருவருக்கும் நடுவே சிமெண்ட் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது.