மேசைமேல் ஒன்பது ரசமட்டம்

மல்லசமுத்திரத்துக் கொத்தனார் அங்கமுத்து கட்டிய எஞ்சின் மேடையைக் எஞ்சின் பொருத்த வந்த கோயமுத்தூர் பிட்டர் ஆகாதென்று தள்ளிவிட்டார். மேட்டூர் அணை கட்டி முடிந்து நாலைந்து வருசம் ஆகியிருந்த சமயம் அது. மயில்சாமிக் கவுண்டர் நெல் மில் வைக்க எண்ணெய் எஞ்சின் வாங்கியிருந்தார். பிட்டர் தன் இரும்பு ரசமட்டத்தை எடுத்து மேடைமேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடிப்போனது.

"மூணு நூல் சாய்வு. இதுமேல எஞ்சினை ஏத்தினா பெல்ட்டு நிக்காது" என்றார்.

கவுண்டர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒடைச்சுப்போட்டு மறுபடி கட்டு அங்கமுத்து. இன்னொருக்கா சாஞ்சுதுன்னா சேலத்து ஆளைக் கூட்டியாந்துக்கறேன். மில்லுக் கட்டடமும் அவனுக்குத்தான்."

மில் கட்டடம் என்றால் ஒரு வருசத்து வேலை. கலவை குழைப்பதும் செங்கல் எடுத்துக் கொடுப்பதும் அங்கமுத்துவின் பெண்சாதி ஆராயிதான். மேடை கட்டும்போதே இரண்டு தரம் சொல்லியிருந்தாள்: "ஏனுங்க, நீங்க வெச்சா குமிழி நடுவுல நிக்குது, நான் அந்தப் பக்கமிருந்து வெச்சா ஓடுதுங்க."

"நீ புடிச்சா எதுதான் நின்னிருக்குது?" என்று அப்போது சிரித்தவன், இப்போது தன் ரசமட்டத்தைத் தானே இடவலமாகத் தலைமாற்றி வைத்துப் பார்த்தான். குமிழி ஓடியது. அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் சேலம் போனார்கள். அந்த ரசமட்டத்தை வாங்கிய அதே செவ்வாய்பேட்டைச் செட்டியாரின் இரும்புக் கடைக்குத்தான். செட்டியார் தேக்கு மேசைமேல் ஒன்பது ரசமட்டங்களை வரிசையாக வைத்தார். இரண்டில் மட்டும் குமிழி நட்ட நடுவில் நின்றது.

"பாத்தீங்களா மேஸ்திரி, இந்த ரெண்டும் தங்கம். மத்ததை எவனும் தொடறதில்லை. மெட்ராசுக்கே திருப்பி அனுப்பப் போறேன்."

இரண்டில் ஒன்றுக்கு முனையெல்லாம் பித்தளைத் தகடு. அங்கமுத்து அதை எடுத்துத் துண்டால் துடைத்தான். துடைத்த விதத்திலேயே அது அவனுடையதாகிவிட்டது.

"தலைமாத்தி வெச்சுப் பாருங்க" என்றாள் ஆராயி.

"ஏம்மா, தோசையா இது, திருப்பிப் போட?" என்றார் செட்டியார்.

அங்கமுத்து திருப்பி வைத்தான். குமிழி தெருப்பக்கம் ஓடியது. இன்னொரு தங்கமும் அப்படியே ஓடியது. செட்டியார் முகம் சுருங்கியது. "அப்ப ஒன்பதுமே சொத்தைங்கறியா?"

எவனும் தொடாத ஏழில் ஒன்றை ஆராயி எடுத்தாள். குமிழி தெருப்பக்கம் சற்றே ஒதுங்கி நின்றது. திருப்பி வைத்தாள். அதே தெருப்பக்கம், அதே அளவு. மறுபடி திருப்பினாள். இம்மி மாறவில்லை.

"இது எப்படி வெச்சாலும் ஒரே பேச்சுப் பேசுதுங்க சாமி. உங்க மேசைதான் தெருப்பக்கம் ஒசந்திருக்குது."

"எங்கப்பா காலத்து மேசைம்மா இது!"

"அப்ப உங்கப்பா காலத்துலயே ஒசந்திருக்குமுங்க" என்றான் அங்கமுத்து.

உள்பக்கத்து மேசைக்கால்களுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினார்கள். ஆராயி எடுத்த ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்து நின்றது, திருப்பினாலும் நின்றது. தங்கங்கள் இரண்டும் நடுவில் நிற்காமல் விலகிப்போயின. செட்டியார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்து வருசமா இந்த மேசைமேல வெச்சுத்தான்மா எல்லாருக்கும் பொறுக்கிக் கொடுத்தேன்."

ஆராயி மிச்சத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். திருப்பினாலும் பேச்சு மாறாதவை நான்கு. அதில் ஒன்றுக்குக் கட்டை வளைந்திருந்தது. ஒரு கண்ணை மூடி விளிம்போடு பார்த்தாலே தெரிந்தது. இன்னொன்றில் கண்ணாடிக் குழாய் ஆடியது. மற்ற இரண்டில் குமிழி சீக்கிரம் நிலைக்கு வருவதைத் தேர்ந்தாள். அதன் மரம் கறுத்து, மேலே எண்ணெய்க் கறையும் இருந்தது.

"பித்தளை மினுக்குதே புள்ள" என்றான் அங்கமுத்து, மனசு வராமல்.

"மினுக்கறது உங்களுக்கு வேணும்னா தோடு வாங்கிக்கலாம், வாங்க."

மேடையை உடைத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு செங்கல் வரிசைக்கும் இவன் ஒருமுறை, அவள் தலைமாற்றி ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றி ஆறவிட்ட பின் பிட்டர் வந்தார். நீளவாக்கில் வைத்தார், குறுக்கே வைத்தார், திருப்பி வைத்தார். கவுண்டர் குந்தி உட்கார்ந்து குமிழியையே பார்த்தார். ஆராயியால் பார்க்க முடியவில்லை. பிட்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்துங்க எஞ்சினை" என்றார் பிட்டர்.

கவுண்டர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "மில்லுக்கு எப்ப அஸ்திவார வானம் தோண்டறே?"

"வெள்ளிக்கிழமைங்க" என்று அங்கமுத்து சொல்லி முடிப்பதற்குள் ஆராயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பும் வழியில் மருதாசலத்தின் வீடு வந்தது. போன தையில் பழைய ரசமட்டத்தை வைத்து இவர்கள் கட்டிக் கொடுத்த வீடு. ஆராயி கூடையிலிருந்த ரசமட்டத்தைத் தொட்டாள்.

"ஏனுங்க, செவுத்து மேல ஒருக்கா வெச்சுப் பாப்பமா?"

"கம்முனு வா புள்ள. ஊட்டுக்காரங்க நிம்மதியா இருக்கறாங்க" என்று அங்கமுத்து நடையை எட்டிப் போட்டான்.