அர்ச்சுனனுக்கு ஊட்டிய சோறு

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அர்ச்சுனன் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் வேலை போனது. பழைய துரை பங்களாவில் மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்த குமரப்பன்தான் அதன் தலைவர். ஆட்களை அடக்கத் தெரிந்தவன் என்று அர்ச்சுனனையே மேற்பார்வையாளராகப் போட்டார். அடக்குவதைத் தவிர அங்கே வேறு வேலை இருக்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

விடுதியில் ஐயாவு என்று ஒருவர் இருந்தார், வயது நாற்பது. பேச்சு வராது. காதோரம் நரைத்திருந்தது. அர்ச்சுனனுக்கு அவரும் பொடியன்தான். சோறு, குழம்பு, ரசம், வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, கரண்டியால் வாயில் திணிப்பார்கள். சில நாள் ஐயாவு கரண்டி பிடித்த கையைக் கடித்துவிடுவார். கடித்தால் நாற்காலியோடு துண்டால் கட்டிப்போடுவார்கள். இந்த முறைக்கு அர்ச்சுனன் வைத்த பெயர் ஒழுங்கு.

எண்பத்து நாலில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க விசாலி வந்தார். இந்த வேலைக்கென்றே வெளிநாட்டில் படித்தவர். அவர் பேசும்போதெல்லாம் அர்ச்சுனன் பின்வரிசையில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"இதுங்களுக்கு என்னா தெரியும்லா? சூடு தெரியுமா, ருசி தெரியுமா?" என்றார் ஒருநாள்.

"பாத்துடலாம் அண்ணே. இன்னைக்கு நீங்கதான் ஐயாவு. கை ரெண்டையும் தொடைக்கு அடியில வச்சுக்குங்க. பேசக்கூடாது. காளியம்மா, நீங்க ஊட்டுங்க. அண்ணன் சொல்லிக்கொடுத்த மாதிரியே."

காளியம்மா வேலைக்குப் புதுசு. ஊட்டக் கற்றது அர்ச்சுனனிடம்தான். அப்படியே செய்தாள். வாயில் இருப்பதை விழுங்குமுன் அடுத்த கரண்டி போனது. முகத்தைத் திருப்பினார், தாடையைப் பிடித்து நேராக்கினாள். இருமினார், இருமல் முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. அர்ச்சுனன் கையை உருவித் தட்டைத் தட்டிவிட்டார்.

"சுடுதுடி! ஆளக் கொல்லப் பாக்குறியா?"

தரையெல்லாம் சோறு. விசாலி கேட்டார்: "இப்ப அண்ணனத் துண்டால கட்டணுமா?"

ஊழியர்கள் சிரித்தார்கள். அர்ச்சுனன் சிரிக்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. முகத்தைக் கழுவிவிட்டு குமரப்பனுக்கு போன் போடப் போனார்.

அன்று மத்தியானம் விசாலி ஐயாவுவின் முன்னால் சோற்றையும் கறியையும் தனித்தனியாக வைக்கச் சொன்னார். ஐயாவு கையால் எடுத்துச் சாப்பிட, காளியம்மா அவர் மணிக்கட்டை லேசாகத் தாங்கிக்கொண்டாள். பாதி சிந்தியது, பாதி உள்ளே போனது. பாகற்காயை மட்டும் ஐயாவு விரலால் ஓரமாக ஒதுக்கினார்.

"கையால தின்னா தரையெல்லாம் குப்பை. யாரு கூட்டுறது?" என்றார் அர்ச்சுனன்.

"அதுக்குத்தான் அண்ணே நம்மள வேலைக்கு வச்சிருக்காங்க."

மறுநாள் குமரப்பன் காரில் வந்தார். ஐயாவுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சொல்லிக்கொடுத்த வரைக்கும் போதும்மா, வேல கெட்டுப்போகுது," என்று விசாலியிடம் சொல்லிவிட்டு, போட்டோக்காரரை உள்ளே கூப்பிட்டார். பயிற்சி முடிந்ததென்று சான்றிதழ் கொடுத்தார்கள். முதல் சான்றிதழ் அர்ச்சுனனுக்கு. பரிவோடு பராமரிப்பதில் தேர்ச்சி பெற்றவர் என்று அதில் போட்டிருந்தது. நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டார். கூச்சப்படுவதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும்.

விசாலி போன மறுநாளே அர்ச்சுனன் பழையபடி பிசைந்த தட்டோடு வந்தார். ஐயாவு ஏற்கனவே கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காளியம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"தள்ளுங்கண்ணே. இவரு சாப்பிடுறாரு."

"என்னாடி, இவருங்கற? பொடியனுக்கு மரியாதையா?"

"தல நரைச்சவரப் பின்ன எப்படிச் சொல்றது? கரண்டிய என்கிட்ட குடுங்க, கழுவி வைக்கிறேன்."

மற்ற ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கம் ஒருவரும் வரவில்லை. அர்ச்சுனன் கரண்டியைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் ஆபீசில் வேலை இருக்கிறது என்பார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. மேசையில் கால் போட்டுத் தூங்குவார். அவர் தூங்கிய நேரத்தில் சாப்பாட்டு அறையில் ஆட்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். அந்த மனிதர் விடுதிக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.