மந்திரிக்காத வகுப்பறை

எங்கள் பள்ளியில் சுவர் திருச்சபைக்குச் சொந்தம், வாத்தியார் அரசாங்கத்துக்குச் சொந்தம். பிள்ளைகள் யாருக்குச் சொந்தம் என்று எழுதிய காகிதம் எதையும் இருபத்துமூன்று வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

போன வருஷக் காற்றில் முதல் வகுப்பின் கூரை பறந்துவிட்டது. புதிய அறைக்குக் கல்லும் நிலமும் திருச்சபை தந்தது. தகரமும் பெஞ்சும் இரும்பு அடுப்பும் அரசாங்கம் தந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி கொத்தனார் கடைசிக் கண்ணாடியைப் பதித்துவிட்டுப் போனார். அன்றே தலைமையாசிரியர் ரமாகுலா அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். திறப்பு விழா முடியும்வரை ஒரு பிள்ளையும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. எங்களுக்கு மேலிடம் இரண்டு.

விழாவில் தகராறு ஒன்றே ஒன்றுதான். மந்திரிக்காத கதவில் ரிப்பன் வெட்டுவது திருச்சபைக்கு அவமானம் என்றார் பங்குப் பள்ளிகளின் மேலாளர் ஃபாதர் மாத்தேலா. ரிப்பன் வெட்டுமுன் ஆயர் உள்ளே போய்த் தீர்த்தம் தெளித்தால் அப்புறம் அரசாங்கம் எதைத் திறப்பது என்றார் மாவட்டக் கல்வி அதிகாரி லெபேசா. இதைப் பேசித் தீர்க்க நான்கு கூட்டம் நடந்தது. நான்கிலும் ஆட்டிறைச்சி தீர்ந்தது.

பள்ளியின் கடிதங்களை எழுதுவது ஐந்தாம் வகுப்பு ஆசிரியனான என் பொறுப்பு. இந்த அறைக்காக ஏழு எழுதினேன், பிரதிகள் தேதிவாரியாக இருக்கின்றன. விஷயம் அரசின் பரிசீலனையில் இருப்பதாக ஃபாதரின் அலுவலகம் பதில் போட்டது. திருச்சபை இசைந்த பின் பார்க்கலாம் என்று அதிகாரியின் அலுவலகம் பதில் போட்டது. இரண்டிலும் கையெழுத்து மிக அழகு.

முதல் வகுப்பின் நாற்பத்தொரு பிள்ளைகளும் திருச்சபைக் கோயிலின் கிழக்குச் சுவரோரம் போர்வைக்குள் சுருண்டு தரையில் உட்கார்ந்து படித்தார்கள். கரும்பலகையைச் சுவரில் சாய்த்து மாலிபுசெங் டீச்சர் பாடம் நடத்தினார். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் மலையில் குளிர்காலம் மே மாதம்; உறைபனி தொடங்கியது. ஜூன் இரண்டாம் வாரம் வருகைப் பதிவில் இருபத்துமூன்று பேர்தான். மற்றவர்கள் வீட்டில் இருமிக்கொண்டிருந்தார்கள். விழா விருந்துக்கென்று வாங்கிய காளைக்கு மட்டும், அந்த வாரம் முதல் பனி பெய்த அன்றே ஃபாதரின் குதிரை லாயத்தில் இடம் கிடைத்தது.

மறுநாள் காலை ஓர் ஆட்டுக்காரர் தன் மகளைத் திரும்பக் கூட்டிப்போக வந்தார். லாயத்துப் பக்கம் கையைக் காட்டி, “எம்பொண்ணு காளையாப் பொறந்திருந்தா இந்நேரம் கூரைக்கடியில வைக்கோல் தின்னுக்கிட்டு இருப்பா, டீச்சர்,” என்றார்.

மாலிபுசெங் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். நேரே தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். நான் அங்கேதான் எட்டாவது கடிதத்தைத் தொடங்கியிருந்தேன்.

“சாவியக் குடுங்க, ஐயா.”

“என்னைய ரெண்டு பக்கமும் புடிச்சுக் கிழிச்சுருவாங்கம்மா. வேலைக்கு வச்சது திருச்சபை, சம்பளம் குடுக்குறது அரசாங்கம்.”

“ஆளுக்குப் பாதி கிழிச்சுக்கட்டும். எனக்கு எம்பிள்ளைங்க முழுசா வேணும்.”

ரமாகுலா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்பது வருஷத்தில் அவர் செய்த ஒரே நிர்வாகக் காரியம் அதுதான்.

டீச்சர் கதவைத் திறந்து, அடுப்பில் வரட்டியைப் போட்டு மூட்டினார். அடுத்த நாள் முப்பது பேர் வந்தார்கள். வாரக் கடைசியில் நாற்பத்தொருவரும் வந்துவிட்டார்கள். தகப்பன்மார் சாக்குச் சாக்காக வரட்டி கொண்டுவந்து போட்டார்கள்.

நாலு மாதமாக ஒரு ரிப்பனில் ஒத்துப்போக முடியாத இரண்டு அலுவலகங்களும் இதில் மூன்றே நாளில் ஒத்துப்போயின. ஜூன் இருபதாம் தேதி ஃபாதரும் அதிகாரியும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரே கடிதம், அதில் இரண்டு முத்திரை. அறையை உடனே காலி செய்ய வேண்டும், ஆசிரியை பதினான்கு நாளில் விளக்கம் தர வேண்டும். முற்றத்தில் நின்று வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. பனி முகத்தில் அடிக்கவே, இருவரும் வகுப்பறையைப் பார்த்து ஓடினார்கள். வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நுழைந்தார்கள். யார் முதலில் நுழைந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டிக் குளிர் காய்ந்தார்கள்.

பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். லெபேசா கடிதத்தை வாசித்து முடித்தார்.

“சரிங்க ஐயா,” என்றார் மாலிபுசெங் டீச்சர். “நான் போகச் சொல்ல மாட்டேன். வந்ததுதான் வந்துட்டீங்க, நீங்களே இவங்கள வெளிய அனுப்பிருங்க.”

லெபேசா ஃபாதரைப் பார்த்தார். “கட்டடம் உங்களோடது. காலி பண்ணவைக்கிறது சொந்தக்காரர் வேலை.”

“பேரெல்லாம் உங்க பதிவேட்டுலதான இருக்கு? அரசாங்கத்துப் பிள்ளைங்களப் பனியில தள்ள நான் யாரு?”

“அத எழுத்துல குடுங்க ஃபாதர், பாக்குறேன்.”

“நீங்க மொதல்ல எழுதுங்க.”

டீச்சர் பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு, பலகையில் விட்ட இடத்திலிருந்து எட்டு எழுதக் கற்றுக்கொடுத்தார். இருவரும் அடுப்பில் கையையும் காட்டிக்கொண்டார்கள். பிறகு வண்டிக்குப் போய் அங்கே சண்டையைத் தொடர்ந்தார்கள். பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியது யார் என்று இரு அலுவலகங்களுக்கும் நடுவில் இதுவரை ஐந்து கடிதம் போய்வந்திருக்கிறது. முதல் வகுப்பு உள்ளேயேதான் இருக்கிறது.

டீச்சரின் விளக்கத்தை நான் முறைப்படி எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவரே எழுதினார். ‘பனி பெய்தது’ என்று ஒரு வரி. கீழே தேதி, கையெழுத்து. இரண்டு அலுவலகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பிவைத்தேன்.