எடுத்துக் கொடுத்த வரி

மைக்கைக் கண்டால் எனக்குக் கை நடுங்காது, தொண்டை வறளாது. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஒன்றாம் வகுப்பில் உறுதிமொழி சொல்ல மேடையில் ஏற்றிவிட்டபோது, சொல்லி முடித்த பிறகும் இறங்க மறுத்தேனாம். உம்மா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அப்படிப்பட்ட எனக்கு, காலநிலை பற்றி மாவட்ட அளவில் நடக்கும் பேச்சுப் போட்டியில் இரண்டு வருடமாக இரண்டாம் பரிசுதான். இப்போது பதினோராம் வகுப்பு. பன்னிரண்டு வந்துவிட்டால் எங்கள் பள்ளியில் போட்டி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. மார்க், மார்க், மார்க். ஆகவே இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. முதல் பரிசு வாங்குகிறவர் பாண்டிச்சேரியில் இறுதிப் போட்டிக்குப் போவார். நான் போக வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பேச்சை எழுதிக் கொடுத்தவர் மணிபாரதி சார். காரைக்காலில் பாதிப் பிள்ளைகளுக்கு அவரிடம்தான் தமிழ் டியூஷன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அடுத்த நாளே பேச்சு தயாராக இருக்கும். இந்த முறை அவர் எழுதியதில் ஓசோன் இருந்தது, பனிப்பாறை இருந்தது, பனிக்கரடி இருந்தது, கடைசியில் ஒரு சூளுரை இருந்தது. வாய்க்கு நல்ல தீனி. ஒரு மாதம் அதை உருப்போட்டேன்.

உருப்போட எங்கள் வீட்டில் இடம் அடுப்படி ஒன்றுதான். அங்கே நின்றால்தான் என் குரல் எனக்கே கணீரென்று கேட்கும். ஆனால் அங்கே உம்மாவும் இருப்பார். என் உம்மா ரோஷன் பேகம் இருக்கிற இடத்தில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

"மரம் நடுவோம், மண்ணைக் காப்போம்!" என்பேன்.

"நட்டுட்டு எந்தத் தண்ணிய ஊத்துவ? நம்ம மோட்டாரு தண்ணிய ஊத்தித்தான் முருங்க பட்டுப்போச்சு. வாயில வச்சுப் பாரு, கடலு தோத்துச்சு" என்பார்.

"உம்மா, கொஞ்சம் சும்மா இருங்களேன். பனிப்பாறைகள் உருகுகின்றன, பனிக்கரடிகள் கண்ணீர் வடிக்கின்றன..."

"அது அழுவுறது இருக்கட்டும். கருக்களாச்சேரிலேர்ந்து மீனு கொண்டாருமே அந்தப் பொண்ணு, நேத்து வெறுங்கூடையோட நின்னு அழுதுச்சு. அத யாரு பேசுறது?"

"மனிதன் மட்டும் குளிர்சாதன அறையில் உறங்குகிறான்!"

"ஒங்க வாப்பாவச் சொல்றியா? ஏசி இல்லாம துபாய்ல எப்புடிடி தூங்குறது? வெந்து போயிருவாரு மனுசன்."

நான் கரண்டியைத் தூக்கி எறிந்திருக்கிறேன். உண்மையாகவே எறிந்தேன். உம்மா அதை எடுத்துக் கழுவி, குழம்பைக் கிண்டிவிட்டு, "ம், மேல சொல்லு" என்றார்.

போட்டி தை மாதக் கடைசியில் சனி, ஞாயிறு இரண்டு நாளாக நடப்பதாக இருந்தது. சனிக்கிழமை ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு. பிரிவுக்கு ஒரு முதல் பரிசு. ஆனால் வெள்ளிக்கிழமை பிடித்த மழை திங்கட்கிழமைதான் விட்டது. தையில் இப்படி மழை பெய்யலாமா என்று ஊரே வானத்தைத் திட்டியது. காலநிலைப் போட்டியைக் காலநிலையே தள்ளிவைத்துவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். அடுத்த வாரம் ஒரே நாளில் எல்லாவற்றையும் நடத்திவிடுவதாக அறிவித்தார்கள். இரண்டு பிரிவும் சேர்ந்து ஒரே பிரிவு, ஒரே முதல் பரிசு.

இதைக் கேட்டு மணிபாரதி சாருக்கு வியர்த்திருக்க வேண்டும். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

போட்டியன்று காலை மண்டபத்தின் ஒரு பக்கத்தில் ஓவியம், பக்கத்து அறையில் கட்டுரை, மேடையில் பேச்சு. ஓவியப் பிள்ளைகளைக் கடந்து போகும்போது எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பூமி உருண்டைகள். எல்லாவற்றின் வாயிலும் தெர்மாமீட்டர். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. நாங்கள் எல்லோருமே ஒரே பாத்திரத்திலிருந்துதான் அள்ளுகிறோம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உம்மா பெற்றோர் வரிசையில் இடம் பிடித்து, கை கழுவக் கொண்டு வந்த வீட்டு மோட்டார் தண்ணீர் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். நான் போட்டியாளர்கள் வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். குலுக்கலில் எனக்கு முன்னால் பேச வந்தது ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண். பெயர் முத்தமிழ், ஊர் குரும்பகரம் என்று அறிவித்தார்கள். மைக்கைக் கீழே இறக்கவே ஒருவர் ஓடி வரவேண்டியிருந்தது, அவ்வளவு குட்டையாக இருந்தாள். ஆனால் வாயைத் திறந்தாள் பாருங்கள், மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வெண்கலக் குரல்.

குரலை ரசித்துக்கொண்டிருந்த எனக்கு வார்த்தைகள் காதில் விழக் கொஞ்ச நேரம் ஆனது. விழுந்ததும் நாற்காலி நுனிக்கு வந்தேன். அது என் பேச்சு. வணக்கம் சொன்ன வரிசையிலிருந்து ஓசோன் வரைக்கும் ஒரு எழுத்து மாறவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மணிபாரதி சார் கடைசி வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடி, தும்மல் வருகிறவர் போல உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவள் சனிக்கிழமை, நான் ஞாயிற்றுக்கிழமை, வேறு வேறு நடுவர்கள். ஒரு பேச்சை இரண்டு பேருக்குக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருக்கிறார் மனிதர். அப்போது எனக்கு வந்த கோபத்தில் அவர் அருகில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் அவள் நின்றாள்.

"பனிப்பாறைகள் உருகுகின்றன, பனிக்கரடிகள் கண்ணீர் வடிக்கின்றன, ஆனால்..."

ஆனால் என்றவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். "ஆனால்" என்றாள் மறுபடியும். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நடுவர்கள் தலை நிமிர்ந்தார்கள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவள் இப்படியே இறங்கிவிட்டால் அடுத்து நான். அதே பேச்சை, தடங்கல் இல்லாமல், முழுதாகச் சொல்வேன். சின்னப் பெண் பெரியவளைப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள் என்றுதான் நடுவர்கள் நினைப்பார்கள். முதல் பரிசு என் மடியில் வந்து விழும். நான் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும்.

அதுதான் எனக்கு வராது.

சின்ன வயதில், லாத்தா என்று நாங்கள் கூப்பிடும் ஆஸியா பீவி அக்கா வீட்டில் குர்ஆன் ஓதப் போவோம். அங்கே ஒரு வழக்கம். ஓதுகிற பிள்ளை தடுக்கினால் பக்கத்தில் இருக்கிற பிள்ளை அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். மறந்தவளை லாத்தா ஒன்றும் சொல்ல மாட்டார். தெரிந்தும் சும்மா இருந்தவளுக்குத்தான் முதுகில் ஒன்று விழும். அந்த முதுகு இன்னும் அதை மறக்கவில்லை.

"மனிதன் மட்டும் குளிர்சாதன அறையில் உறங்குகிறான்!"

மேடைக்குக் கேட்டால் போதும் என்றுதான் சொன்னேன். ஆனால் என் குரலுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

முத்தமிழ் என்னைப் பார்த்தாள். "நன்றிக்கா" என்று மைக்கிலேயே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு பயம் விட்டுப்போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அணை திறந்த தண்ணீராகக் கொட்டினாள். சூளுரையில் கைதட்டல் வாங்கி இறங்கினாள்.

அடுத்து நௌஷின் என்று என் பெயரைச் சொன்னார்கள். கையில் ஒரு வரிகூட இல்லாமல் மேடை ஏறினேன். நடுவர்களில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த கதிரவன் ஐயா, கல்லூரிப் பேராசிரியர், கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்து, "என்னம்மா, நீயும் அதேதானா?" என்றார்.

"அதேதாங்கய்யா கொண்டாந்தேன். அத அவ பேசிட்டா. நான் அத எதுத்துப் பேசப்போறேன்" என்றேன்.

எப்படி அந்த யோசனை வந்தது என்றால், பெற்றோர் வரிசையில் உம்மாவின் முகம் தெரிந்தது. ஏதோ குறுக்கே பேச வாயெடுத்து அடக்கிக்கொண்டிருக்கிற முகம். ஒரு மாதமாக அந்த முகம் சொன்னதெல்லாம் என் தலையில் அப்படியே இருந்தது. என் பேச்சை எனக்கு எவ்வளவு மனப்பாடமோ அவ்வளவு அதுவும் மனப்பாடம்.

"அவையோருக்கு வணக்கம். பனிக்கரடி அழுகிறது என்றாள் தங்கை. நான் பனிக்கரடியைப் பார்த்ததில்லை. கருக்களாச்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அக்காவைப் பார்த்திருக்கிறேன். கூடையில் மீன் இல்லாமல் எங்கள் வாசலில் நின்று அவர் அழுதார். மரம் நடுவோம் என்றாள். நட்டோம். எங்கள் வீட்டு மோட்டாரில் வருகிற தண்ணீரைக் குடித்து முருங்கை பட்டுப்போனது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. இதோ, என் தாயார் பாட்டிலில் கொண்டு வந்திருக்கிறார், விருப்பமுள்ளவர்கள் ருசி பார்க்கலாம்!"

உம்மா எழுந்து பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். சொல்லிக்கொடுத்துச் செய்தது போல இருந்தது, சத்தியமாக இல்லை.

"குளிர்சாதன அறையில் உறங்குகிறான் என்றாள். என் தந்தை துபாயில் வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்து உறங்குகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. யாரைச் சொல்வது? ஓதப் போன இடத்தில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மறந்தவளுக்கு அடி கிடையாது. தெரிந்தும் சும்மா இருந்தவளுக்குத்தான் அடி. தண்ணீர் உப்பாகிறது என்று தெரியும். தையில் மழை வந்து விளைந்த நெல்லைச் சாய்க்கிறது என்று தெரியும். தெரிந்தும் நாமெல்லாம் இங்கே உட்கார்ந்து பூமிக்குத் தெர்மாமீட்டர் வரைந்துகொண்டிருக்கிறோம்!"

எச்சரிக்கை மணி அடித்தது. கேட்டது. நிறுத்த மனம் வரவில்லை. கடைசி மணியும் அடித்தது. அதுவும் கேட்டது. கருவேலங்காட்டில் மாட்டிக்கொண்ட வாய்க்கால்களைப் பற்றி இன்னும் கொஞ்சம், போன வருடப் போட்டியில் எங்களுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் பாட்டில்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். மணியை அடிப்பவர் கை ஓய்ந்துபோனார். இறங்கியபோது மண்டபம் எழுந்து கைதட்டியது.

முடிவு அறிவித்தார்கள். முதல் பரிசு முத்தமிழ். இரண்டாம் பரிசு நௌஷின்.

மேடையிலிருந்து இறங்கிய கதிரவன் ஐயா என்னிடமே வந்தார். "நேரத்த இவ்வளவு தாண்டினா மார்க்கக் கொறைக்காம என்னம்மா பண்றது? பேச்சுல கொற இல்ல" என்றார். முத்தமிழுக்கு எடுத்துக் கொடுத்ததற்கு மார்க் குறைக்கவில்லையா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். எதிராளியே எடுத்துக் கொடுப்பாள் என்று விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லையாம்.

வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். விக்கி விக்கி அழுதேன். கடைசி வாய்ப்பு, அதையும் நானே தூக்கிக் கொடுத்தேன், மிச்சத்தை அந்தக் கடைசி மணிக்குக் கொடுத்தேன். உம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழுவு புள்ள, அழுதுரு. ஆனா ஒண்ணு, நீ பேசுனது அம்புட்டும் நாஞ்சொன்னது. ரெண்டாம் பரிசு எனக்குத்தான்" என்றார். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் கோபம் வந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சைக்கிள் சத்தம். முத்தமிழ் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, பாண்டிச்சேரில அந்தப் பனிக்கரடியப் பேச எனக்குக் கூச்சமா இருக்குக்கா. நீங்க பேசினீங்கல்ல, அதக் குடுங்கக்கா."

"அதத் தர மாட்டேன். ஒரே பேச்ச ரெண்டு பேரு பேசினது போதும். ஒனக்குன்னு ஒண்ணு இல்லாமலா போவும்? உள்ள வா."

அடுப்படியில் நிறுத்தினேன். உம்மா மீன் கழுவிக்கொண்டே, "ம், சொல்லு" என்றார். முத்தமிழ் தொடங்கினாள். வாக்கியத்துக்கு வாக்கியம் உம்மா வெட்டினார். புவி வெப்பமயமாதல் என்றால், "அது யாரு வீட்டுல?" கடல்மட்டம் என்றால், "ஒங்க ஊருல ஏது கடலு?" பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் கரண்டியை எடுத்து அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

கடைசியில் அவளுக்கும் கோபம் வந்தது. கையை முறுக்கிக்கொண்டு கத்தினாள்.

"எங்க வயலு அறுக்கறதுக்கு மிஷினுக்குச் சொல்லியாச்சு. மறுநாளு மிஷினு வரணும். மழ வந்துருச்சு. போட்டியத் தள்ளி வச்சுட்டாங்கன்னு நான் வீட்டுல குதிச்சேன், இன்னுங் கொஞ்சம் படிக்கலாமேன்னு. எங்கப்பா வயல்ல தண்ணிக்குள்ள கெடந்த கதுர நிமுத்திப் பாத்துக்கிட்டு நின்னாங்க. மொளச்சுப் போச்சு. நெல்லு கதுருலயே மொளச்சுப் போச்சு."

உம்மாவைப் பார்த்தேன். கையில் மீன் அப்படியே இருந்தது. குறுக்கே பேச ஒரு வார்த்தை இல்லாமல் உம்மா நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. என் பேச்சில் இப்படி ஒரு இடம் இல்லை. அதே அளவுக்கு சந்தோஷமாகவும் இருந்தது. பாண்டிச்சேரி மேடையை இது ஒரு உலுக்கு உலுக்கும் என்று தெரிந்துவிட்டது. நானும் போகப்போகிறேன். முதல் வரிசையில் எனக்கு இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"அதுக்கப்புறம்?" என்றார் உம்மா, மெதுவாக.

முத்தமிழ் வாயைத் திறந்தாள். தடுக்கினாள். என்னைப் பார்த்தாள்.

அடுத்த வரி எனக்குத் தெரியாது. அது அவளுக்குத்தான் தெரியும். "சொல்லு, நாங்க இருக்கோம்" என்றேன்.